இந்த ஆளை ஏற்றாதீர்கள்

கண் விழித்தபோது என் முகத்துக்கு நேரே ஒரு தூக்குவாளி ஆடிக்கொண்டிருந்தது. அதன் மூடியோரம் புளிக்குழம்பு ஒரு சொட்டு திரண்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்து, வளைவு வந்ததும் என் நெற்றியில் விழுந்தது.

சுற்றிலும் கால்கள். ரப்பர் பூட்ஸ் போட்ட கால்கள், செருப்புப் போட்ட கால்கள், பூட்ஸை மடியில் வைத்துக்கொண்ட வெறுங்கால்கள். வெற்றிலை வாசனை, ஈரச் சாக்கு வாசனை, டீசல் வாசனை. எனக்கு மேலே பெண்கள் யாரோ ஒருத்தியின் மகள் கல்யாணத்தில் சாம்பார் தண்ணீராக இருந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பற்றி யாரும் பேசவில்லை. ஜீப்பின் தரையில் ஒரு ஆள் கிடப்பதும் ஒரு மூட்டை கிடப்பதும் அவர்களுக்கு ஒன்றுதான்.

படுக்கச் சுகமாகத்தான் இருந்தது. பிறகுதான் நினைவு வந்தது. நான் ஜீப்பில் இருக்கக் கூடாது. போடியிலிருந்து போடிமெட்டு வரை மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நான் ஓடி ஏறினால் பணம் தருவதாக ஊரில் பலர் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பணத்தில்தான் பேச்சியம்மாளுக்குக் கால் வாங்க வேண்டும்.

"நிறுத்துங்க" என்று கத்தினேன். கத்தியதாகத்தான் எனக்கு நினைவு. பூனைக்குட்டி முனகியது போல இருந்தது என்று பிறகு சொன்னார்கள்.

காசு கட்டி ஓடுகிறவர்கள்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் எந்த ஊரிலும் நிலைத்தவனில்லை. எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடத்துக்கும் அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. லாரியில் கிளீனர், திருப்பூரில் சாயப்பட்டறை, சூரத்தில் தறி, அடிமாலிப் பக்கம் ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளும் வேலை. எனக்கு வேலை தெரியாது என்று எந்த முதலாளியும் சொன்னதில்லை. சொல்வதற்குள் கிளம்பிவிடுவேன்.

கொச்சியில் ஒரு சமையல் காண்ட்ராக்டரிடம் இருந்தபோதுதான் இந்த ஓட்டத்தை முதலில் பார்த்தேன். ஒரு நாள் அதிகாலையில் எங்களைக் கடலோரச் சாலைக்குக் கூட்டிப்போய், மேசை போட்டு வாழைப்பழமும் தண்ணீரும் அடுக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் பெரிய கூட்டம் ஓடி வந்தது. பின்னால் பார்த்தேன். யாரும் துரத்தவில்லை.

"இவங்களுக்கு என்ன சம்பளம்?" என்று கூட வேலை செய்தவரிடம் கேட்டேன்.

"சம்பளமா? காசு கட்டி ஓடுறாங்கய்யா."

நான் பழத்தை உரித்துக்கொண்டே நின்றுவிட்டேன். அதுவரை வாழ்க்கையில் நான் ஓடியதெல்லாம் பஸ்சுக்காக, கடன்காரனுக்காக, ஒருமுறை சூரத்தில் தெருநாய்க்காக. எதற்கும் முன்பணம் கட்டியதில்லை.

சிலருடைய பனியனில், இருதய நோய் உள்ள குழந்தைகளுக்காக ஓடுகிறேன் என்று எழுதியிருந்தது. இவர் ஓடினால் அந்தக் குழந்தைக்கு எப்படிச் சரியாகும் என்று கேட்டேன். கூட இருந்தவர் பொறுமையானவர். இவர் இவ்வளவு தூரம் ஓடுவதாகச் சொல்வார், தெரிந்தவர்கள் அதற்காகப் பணம் தருவார்கள், அது ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று விளக்கினார்.

"ஓடாமலே தரலாமே?"

"தரமாட்டாங்க" என்றார்.

அன்றைக்கு ஒருவர் எங்கள் மேசையருகில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். கால் முழுக்கக் கொப்புளம். ஷூவை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஆட்டோ ஏறிப் போனார். மேசையை மடக்கும்வரை காத்திருந்தேன். அவர் வரவில்லை. ஷூ என்னோடு வந்தது. எனக்கு ஒரு சைஸ் பெரிது. முன்னால் பஞ்சு வைத்து அடைத்தேன்.

மறுநாள் காலையில் யாரும் பார்க்காத தெருவாகப் பார்த்து ஓடினேன். ஊரை விட்டுக் கிளம்புகிற சுகம் அப்படியே இருந்தது, ஆனால் வேலைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிட முடிந்தது. எனக்கு இப்படி ஒரு வைத்தியம் இருப்பதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம்.

மாடு எந்தப் பக்கம்?

சொந்த ஊரான போடிக்குத் திரும்பி, ஒரு ஏலக்காய் கோடவுனில் காய் சலிக்கிற வேலையில் சேர்ந்தேன். காலையில் ராசிங்காபுரம் ரோட்டில் ஓட ஆரம்பித்தேன். ஐம்பதைத் தொடப்போகிற ஆள் அரைக்கால் டிராயரோடு ஓடினால் எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டே காரணம்தான். மாடு அவிழ்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும், இல்லை யாருக்காவது சீரியஸாக இருக்க வேண்டும்.

வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு சம்சாரி ஒரு நாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என்னோடு சேர்ந்து ஓடி வந்தார்.

"எந்தப் பக்கம் போச்சு?"

"எது?"

"மாடு."

"மாடு இல்லைங்க. சும்மா ஓடுறேன்."

அவர் நிற்கவில்லை. நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்தார் போல. இன்னும் கொஞ்ச தூரம் கூடவே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய ஆள், செருப்புக்கூட இல்லை, என்னைவிட லேசாக ஓடினார்.

"சும்மான்னா?"

"உடம்புக்கு."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

அப்போதுதான் நின்றார். "ஒண்ணுமில்லாததுக்கா இந்த ஓட்டம்? மடைய அடைக்காம வந்துட்டேனேய்யா" என்று சொல்லிக்கொண்டே திரும்பி ஓடினார். போகும்போது இன்னும் வேகம்.

அதனால் பொட்டிபுரம் பக்கம் மாற்றிக்கொண்டேன். மலையைக் குடைந்து உள்ளே ஏதோ ஆராய்ச்சிக்கூடம் கட்டப்போவதாகப் பேச்சு நடந்த ஊர் அது. ஊருக்கு அதில் இஷ்டமில்லை. அங்கே ஷூ போட்டுக்கொண்டு புதிதாக யார் வந்தாலும் சர்வே ஆள்தான். இல்லை என்று சொன்னேன். டீக்கடைக்காரர் தலையாட்டினார். நம்பினார் என்று சொல்ல முடியாது. நான் குடித்து முடிப்பதற்குள் கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

பின்கதவோரம், இடது பக்கம்

பேச்சியம்மாள் எங்கள் தெருக்காரி. நாற்பதைத் தாண்டியவள். கல்யாணத்துக்கு முன்னிருந்தே மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவள்.

விடியும் முன்னே போடியிலிருந்து ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்குக் கிளம்பும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் என்று கேட்கக் கூடாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் உண்டு. யார் டிரைவர் பக்கம், யார் சக்கரத்தின் மேல், யார் கதவோரம் என்பதில் மாற்றம் கிடையாது. ஜீப்பில் இடம் இருந்தால் தோட்டத்தில் வேலை இருக்கிறது. ஜீப்பில் இடம் போனால் வேலை போனது. பேச்சியம்மாளின் இடம் பின்கதவோரம், இடது பக்கம்.

ஒரு மழைக்காலத்தில், காய் எடுத்துக்கொண்டிருந்தபோது காற்றில் பெரிய கிளை முறிந்து அவள் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கால் போய்விட்டது என்று அவள் சொல்லி நான் கேட்டதில்லை. "டாக்டர் எடுத்துட்டாரு" என்பாள், ஏதோ பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார் என்பது போல.

முகாமில் இலவசமாக ஒரு கால் கொடுத்தார்கள். சமதரைக்கு அது நல்ல கால். ரேஷன் கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். ஏலக்காய் எடுக்க முடியாது. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை, அடியில் தரையோடு காய்க்கும். சரிவில் குத்தவைத்து உட்கார்ந்து எடுத்து, எழுந்து, ஈர மண்ணில் அடுத்த செடிக்கு நகர வேண்டும். முகாம் காலில் கணுக்கால் மடங்காது. மலையடிவாரத்தில் முந்தல் பக்கம் ஒரு மேட்டில் ஏறிப் பார்த்தாள். உட்கார்ந்தபடியே கீழே வந்து சேர்ந்தாள்.

சரிவுக்குத் தகுந்த மாதிரி மடங்குகிற பாதம் மதுரையில் செய்து தருகிறார்கள் என்று தெரிந்தது. விலையைக் கேட்டதும் அவள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள்.

ஜீப்பு டிரைவர் செல்வம் நேர்மையான ஆள். ஒரு நாள் வீட்டு வாசலில் வந்து நின்று சொன்னான்.

"அக்கா, அடுத்த காய் எடுப்பு ஆரம்பிக்கிற வரைக்கும் ஒங்க இடத்தை யாருக்கும் நிரந்தரமாக் குடுக்க மாட்டேன். அதுக்கு மேல என்னால முடியாதுக்கா. தெனமும் ரெண்டு பேரு வந்து கேக்குறாங்க."

"நீ என்னடா செய்வ" என்றாள் பேச்சியம்மாள். அவன் போன பிறகும் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இருந்தபடி அவள் எங்கள் கோடவுனுக்கு சாம்பிள் பை தைத்துக் கொடுத்தாள். ஏலத்துக்கு வரும் காயிலிருந்து ஒரு கை எடுத்துப் போட்டு வியாபாரிகளுக்குக் காட்டுகிற சின்னத் துணிப்பை அது. துணியைக் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு நாள், "நான் ஓடி ஒனக்குக் காலு வாங்கித் தர்றேன்" என்றேன். கொச்சியில் கேட்டதை அப்படியே விளக்கினேன்.

மிஷினை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்காக ஓடுறேன்னு மட்டும் சொல்லாதீங்கண்ணே. நீங்க சும்மாவே ஓடுற ஆளு."

"இப்ப ஒரு காரணத்தோட ஓடுறேன், அவ்வளவுதான்."

"காலு இல்லாதவ பேரைச் சொல்லிக்கிட்டு காலு இருக்கவரு ஓடுறாருன்னு ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

"சிரிச்சிட்டுக் குடுத்தா சரிதான்" என்று நூலைப் பல்லால் கடித்தாள்.

வாய் பழக்கம்

முதலில் என் முதலாளியிடம் போனேன். அவர் ஏலக்காயை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே கேட்டார்.

"காலுக்குன்னு கேட்டா காலுக்குன்னு குடுத்துட்டுப் போறேன். நீ எதுக்குய்யா ஓடுற?"

"காலுக்குன்னுதான் போன மாசம் கேட்டேன் மொதலாளி. பாப்போம்னு சொன்னீங்க."

அவர் ஒரு காயைக் கடித்து, மென்று, துப்பினார். "சரி, ஓடு."

மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். நல்ல தொகைதான், ஆனால் காலுக்குப் பற்றாது. எனக்கு உதவியது அவருடைய பெருந்தன்மையைவிட அவர் சொன்ன இடம். ஏலம் முடிந்து வியாபாரிகள் டீ குடிக்கிற இடத்தில் வைத்துச் சொல்லிவிட்டார். காலையிலிருந்து ஏலம் கேட்ட வாய்கள். ஒருவர் ஒரு தொகை சொன்னால் பக்கத்தில் இருப்பவரால் அதற்கு மேல் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருவர் கூட்டினார். இன்னொருவர் அதற்கு மேல் போனார். எதற்காக என்று தெரியாமலே மூன்றாமவர் கை தூக்கினார். டீ ஆறுவதற்குள் ஏறக்குறைய ஒரு கால் தேறிவிட்டது.

முதலாளி கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். "பதினேழு வளைவும் கால்லதான் ஏறணும். இடையில வண்டி கிண்டின்னு கேள்விப்பட்டேன், எல்லாம் ரத்து."

மலைப்பாதையில் வண்டி ஏற யாராவது வற்புறுத்துவார்களா என்று சிரித்தேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் அறிவு.

மலையில் யாரையும் விட்டுப் போவதில்லை

ஒரு வேலை நாளில், இருட்டோடு போடியிலிருந்து கிளம்பினேன். முந்தல் தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் பின்னாலிருந்து முதல் ஜீப்பின் வெளிச்சம் வந்தது. என் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏறுங்கண்ணே, ஜீப்ப விட்டுட்டீங்களா?"

"இல்லப்பா, ஓடுறேன்."

"அதான், விட்டுட்டுத்தான ஓடுறீங்க. ஏறுங்க."

எங்கள் மலைப்பாதையில் நடக்கிற ஆளைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகிற ஜீப்பு கிடையாது. பஸ்சு எப்போதாவதுதான். மூடுபனி இறங்கும், மண் சரியும், காட்டுமாடு குறுக்கே நிற்கும். இன்றைக்கு ஒருவனை விட்டுப்போனால், நாளைக்கு நம் வண்டி படுத்தால் யார் நிற்பார்கள் என்கிற பயம் எல்லா டிரைவருக்கும் உண்டு. ஜீப்பில் மூச்சுவிட இடமில்லாவிட்டாலும் உள்ளேயிருந்து இரண்டு கைகள் நீளும். இந்த வழக்கத்தைப் பற்றி நானே கொச்சியில் பெருமையாகப் பேசியிருக்கிறேன்.

ஒவ்வொரு ஜீப்பாக நின்றது. ஒவ்வொன்றுக்கும் கதையை முதலிலிருந்து சொன்னேன். ஏற்றத்தில் ஓடுவதைவிட, ஓடிக்கொண்டே கதை சொல்வதுதான் கஷ்டம். ஏழாவது வளைவுக்குள் மூச்சில் பாதி பேச்சில் போய்விட்டது.

போதாததற்கு, தெம்புக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு பச்சை முட்டை குடித்திருந்தேன். ஒன்பதாவது வளைவில் அவை இரண்டும் வெளியே வருவது பற்றி ஆலோசித்தன. தடுப்புச் சுவரில் உட்கார்ந்து தலையை முழங்கால்களுக்கு நடுவில் வைத்தேன். கீழே தேனிப் பக்கத்து விளக்குகள் தெரிந்தன. பிறகு அவை தெரியவில்லை.

அடுத்து வந்தது செல்வத்தின் ஜீப்பு. அதில் ஒச்சம்மா இருந்தாள். பச்சைக்காய் மூட்டையைத் தனியாகத் தலைக்கு ஏற்றுகிறவள், பேச்சியம்மாளின் பக்கத்து இடத்துக்காரி. தெரிந்த மனுசன் சுவரில் சரிந்து கிடக்கிறான். அவளுக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. அக்குளில் கைகொடுத்துத் தூக்கி உள்ளே போட்டுவிட்டாள்.

அதன் பிறகுதான் அந்தத் தூக்குவாளி.

"ஒச்சம்மா, நிறுத்தச் சொல்லு. நான் ஓடணும்."

"ஓடுன லட்சணத்தைத்தான் பாத்தோமே. பேசாமப் படுங்கண்ணே. மெட்டுல எறக்கி விடுறேன்."

"பேச்சியம்மா காலு போயிரும்."

இது வேலை செய்தது. ஜீப்பு நின்றது. ஆனால் அதற்குள் நான்கு வளைவுகள் கடந்திருந்தன. படுத்தபடியே ஏறிய வளைவுகள். கீழே இறங்கிப்போய் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடலாம் என்று மனம் சொன்னது. கால்கள் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. மிச்சத்தை ஓடி, மெட்டில் போய் விழுந்தேன்.

சாம்பிள் ஒன்று, சரக்கு ஒன்று

மறைக்க வழியே இல்லை. ஒரு ஜீப்பு நிறையச் சாட்சிகள். நான் போடியில் இறங்குவதற்கு முன்பே செய்தி இறங்கியிருந்தது.

"சாம்பிள் ஒண்ணு காட்டிட்டு சரக்கு ஒண்ணு அனுப்புனா நாங்க என்ன செய்வோம்?" என்று கேட்டார் முதலாளி.

"லாட்டைத் தள்ளிருவீங்க."

"தள்ளியாச்சு."

டீ குடிக்கிற இடத்தில் அன்று ஒரு விவாதமே நடந்தது. ஓடிய வளைவுக்கு மட்டும் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்ப் பேச்சியம்மாளிடம் சொன்னேன்.

"முக்காக் காலு வச்சுக்கிட்டு நான் என்னண்ணே செய்ய?" என்றாள்.

கோபமில்லை. நிஜமாகவே கேட்டாள். பிறகு, "எடுப்புக்கு இன்னும் கொஞ்ச நாளுதான் இருக்கு" என்றாள். அவ்வளவுதான். மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். ஒற்றைக் காலால் அவள் மிதிக்கிற அந்தச் சத்தம் நொண்டாது, சீராக இருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. எத்தனையோ ஊரை விட்டு இரவோடு இரவாகக் கிளம்பியிருக்கிறேன். அன்றைக்கும் பையைத் தோளில் மாட்டிப் பார்த்தேன். இந்த முறை எங்கே போனாலும் அந்தச் சத்தம் கூட வரும் என்று தோன்றியது. பையை ஆணியில் மாட்டிவிட்டு முதலாளியிடம் போனேன்.

"தள்ளுன லாட்டை மறுபடி சலிச்சுக் கொண்டா. பாக்குறேன்" என்றார்.

மறுபடி ஓடச் சொல்கிறார் என்று புரிந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஓடினால் ஜீப்பு கிடையாது, ஆனால் பார்த்தேன் என்று சொல்லவும் ஆள் கிடையாது. ஏற்கெனவே ஒருமுறை படுத்துக்கொண்டு போனவனின் வாய்ச்சொல்லை யார் நம்புவார்கள்? வேலை நாளில் ஓடினால் சாட்சி உண்டு. ஆனால் அந்தச் சாட்சிகள் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

"அதுக்கு நான் ஒரு வழி செய்றேன். பனியனைக் கொண்டாங்க" என்றாள் பேச்சியம்மாள்.

சிவப்பு நூல்

சாம்பிள் பைத் துணியில் ஒரு பெரிய சதுரம் வெட்டி, அதில் சிவப்பு நூலால் எழுத்துத் தைத்து, என் பனியனின் முதுகில் வைத்து அடித்திருந்தாள். ஜீப்பு வெளிச்சத்தில் தூரத்திலிருந்தே படிக்கலாம்.

இந்த ஆளை ஏற்றாதீர்கள்.

சுற்றிலும் மூன்று தையல் போட்டிருந்தாள். எதற்கு மூன்று என்று கேட்டேன். "மூச்சு வாங்குனா நீங்களே பிச்சுப் போட்டுருவீங்க" என்றாள்.

இந்த முறை முட்டை குடிக்கவில்லை. முந்தல் தாண்டி முதல் ஜீப்பு வந்தது, போன முறை பார்க்காத வண்டி. வேகம் குறைந்தது. வெளிச்சம் என் முதுகில் நின்றது. உள்ளே யாரோ எழுத்துக்கூட்டிப் படிப்பது கேட்டது. ஜீப்பு மெதுவாக என்னைத் தாண்டிப் போனது. அத்தனை முகங்களும் திரும்பி என்னைப் பார்த்தன, போலீஸ் ஜீப்பில் போகிறவனைப் பார்ப்பது போல.

இரண்டாவது ஜீப்பு டிரைவருக்கும் என் கதை தெரியாது. ஜன்னல் வழியாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "என்னண்ணே, ஜீப்பு ஸ்டாண்டுல தள்ளி வச்சிட்டாங்களா? என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலப்பா."

"ஒண்ணும் செய்யாமயா எழுதிப் போட்டுருக்காங்க" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல். "மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியல. யாரைத்தான் நம்புறது."

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். மூச்சு போகும் என்று மூடிக்கொண்டேன். அன்றைக்கு அந்தப் பாதையில் என்னைப் பற்றி என்னென்ன கதை ஏறியதோ தெரியாது. பூப்பாறை வரை போயிருக்கிறது. ஒரு தோட்டத்தில் நான் ஏலக்காய் மூட்டையோடு ஓடியவன், இன்னொன்றில் யாருடைய மனைவியோடோ ஓடியவன். ஓடியவன் என்பதில் மட்டும் எல்லாருக்கும் ஒரே கருத்து.

ஒன்பதாவது வளைவுத் தடுப்புச் சுவரைப் பார்க்காமல் தாண்டினேன். பின்னால் பழக்கமான ஹாரன். செல்வத்தின் ஜீப்பு என் நடைக்கு மெதுவாகி வந்தது. அதற்குள் என் ஓட்டம் நடைக்குத் தம்பி ஆகியிருந்தது. ஒச்சம்மா கையை நீட்டினாள். நான் பயந்து சாலையோரம் ஒதுங்கினேன்.

"தூக்க மாட்டேன், வாங்க. இந்தாங்க, பணியாரம்."

"எழுதியிருக்குல்ல ஒச்சம்மா."

"ஏத்தக் கூடாதுன்னுதான எழுதிருக்கு? திங்கக் கூடாதுன்னு எழுதலையே."

ஓடிக்கொண்டே தின்றேன். எட்டாம் வகுப்பு வரை நான் எதிலும் பரிசு வாங்கியதில்லை. பணியாரத்தை யாராவது மெடலாகக் கொடுத்திருந்தால் படித்திருப்பேன்.

மெட்டுக்குக் கொஞ்சம் முன்னால் மூடுபனிக்குள் போனேன். சாலை காலடியில் மட்டும் இருந்தது. ஏலக்காய் வாசனையும் விறகுப் புகையும் வந்தன. கடைசி வளைவை ஏறினேன் என்பது, அதற்குப் பிறகு வளைவு வராததால்தான் தெரிந்தது. பின்னாலேயே வந்த செல்வம் ஜீப்பை நிறுத்தினான். முதலாளிக்குப் போன் போட்டு, "எல்லா வளைவும் கால்லதான் மொதலாளி. கீழ மத்த ஜீப்புக்காரங்க பாத்தாங்க, ஒம்பதுலருந்து நானே பின்னால வந்தேன்" என்று சொன்னான். பிறகு பெண்களோடு தோட்டத்துக்குப் போய்விட்டான்.

வெற்றி வீரன் ஊர் திரும்ப வேண்டும். கீழே இறங்குகிற ஜீப்புகளுக்குக் கை காட்டினேன். நின்றன. முதுகைப் படித்தன. போய்விட்டன. துணியைப் பிய்க்கப் பார்த்தேன். மூன்று தையல். பனியனைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குளிரில் வெறும் மேலோடு நின்றேன். அடுத்து வந்த ஜீப்பு நிற்கக்கூட இல்லை. டீக்கடைச் சேட்டன் என்னை உள்ளே கூப்பிட்டு அடுப்புப் பக்கம் உட்கார வைத்து, "எந்து பற்றி சேட்டா?" என்று அனுதாபமாகக் கேட்டார். என்ன ஆனது என்று எங்கிருந்து ஆரம்பிப்பது? சாயங்காலம் செல்வம் திரும்பி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

முதலாளியும் வியாபாரிகளும் பேச்சு மாறவில்லை. சொன்ன தொகையைச் சொன்னபடி கொடுத்தார்கள். ஏலம் கேட்டுவிட்டு எடுக்காமல் போவது அவர்கள் தொழிலில் இல்லை. பேச்சியம்மாள் ரயிலேறி மதுரைக்குப் போனாள், அளவுக்கு, பிறகு பொருத்த, பிறகு பொருத்தியதைச் சரிசெய்ய. புதுக்கால் முதலில் அவளோடு ஒத்துப்போகவில்லை. முந்தல் மேட்டில் தினமும் ஏறி இறங்கிப் பழகினாள். இரண்டு முறை விழுந்ததை நான் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு நாள் சரிவில் குத்தவைத்து உட்கார்ந்து, தரையில் எதையோ கிள்ளிப் பார்த்துவிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்தாள். அன்றைக்கே செல்வத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

எடுப்பு தொடங்கிய நாள்

புது எடுப்பு தொடங்கிய அன்று காலை நான் மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருந்தேன். இந்த முறை யாருக்காகவும் இல்லை. சும்மாதான். மழையில் நனைந்த பாதை. நாலாவது வளைவில் பஞ்சு வைத்த ஷூவுக்குள் கால் புரண்டு, கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கீழே ஹாரன் சத்தம். செல்வத்தின் ஜீப்பு. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பாதையில் ஏறி வருகிற ஒரு ஜீப்பைப் பார்த்து மனம் குளிர்ந்தது. கையைத் தூக்கினேன். செல்வம் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்தான்.

பின்கதவோரம் இடது பக்கத்தில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கூட்டத்தில் புதுக்காலை மடக்க இடமில்லாமல் வெளியே நீட்டியிருந்தாள். அதில் புது ரப்பர் பூட்ஸ். மடியில் தூக்குவாளி.

என்னைப் பார்த்ததும் ஜீப்பின் தகரத்தில் ஓங்கித் தட்டினாள்.

"நிப்பாட்டாத செல்வம், போ, போ. அவரை ஏத்தக் கூடாது."

உள்ளே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒச்சம்மாவின் சிரிப்பு தனியாகக் கேட்டது. செல்வம் கியரை மாற்றினான்.

கால் சுளுக்கிக்கொண்டது என்று கத்தியிருக்கலாம். கத்தினால் நின்றிருப்பார்கள், தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். வாயைத் திறக்கவும் செய்தேன். அதற்குள் ஜீப்பு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. டீசல் புகைக்கு அப்பால், நீட்டிய அந்தக் காலின் பாதம் ஜீப்பின் ஆட்டத்துக்கு மேலும் கீழும் மடங்கி மடங்கி ஆடியது.

தூக்கிய கையை அப்படியே ஆட்டி, போய் வரச் சொன்னேன்.